மகள் சடங்கு மேடை வேண்டாம்கிறா. செஞ்ச மொய்யை என்ன பண்றது?

ஆனையூர் தையல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். மதுரை ஆனையூர்ல வீட்டுல வச்சே பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன். வீட்டுக்காரர் குட்டியானை ஓட்டுறாரு, மாட்டுத்தாவணி மார்க்கெட்ல இருந்து காய்கறி லோடு. எங்களுக்கு ஒத்தப் பொம்பளப் பிள்ளை. எட்டாவது படிக்கிறா, கோகோ ஆடுவா. வைகாசியில வயசுக்கு வந்தா. இதை இங்க எழுதலாமான்னு அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "என் பேரு மட்டும் போடாதம்மா"ன்னு சொன்னா.

வீட்டுக்குள்ள செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு. உசிலம்பட்டிக்கு மேக்க இருக்கிற எங்க ஊர்ல இருந்து என் அண்ணன் பச்சைத் தென்னங்கீத்து கொண்டாந்து மொட்டை மாடியில குச்சு கட்டுனாரு. மதினி வந்து தங்கி உளுந்தங்களி கிண்டிக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் குடுத்தாங்க. பிள்ளை ரெண்டாம் நாளே குச்சை விட்டு எந்திரிச்சு உள்ள வந்து படுத்துக்கிட்டா. நானும் விட்டுட்டேன். பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு. அதோட முடிஞ்சதுன்னு அவ நினைச்சிட்டா.

இனிமேதான் பெரிய காரியமே. ஆடி போகவும் ஆவணியில மண்டபம் பிடிச்சு விழா வைக்கணும்னு பேச்சு. தாய்மாமன் சீர் 51 தட்டு, ஒரு கிடாய், தங்கத்துல தோடு, வாசல்ல இருந்து மெயின் ரோடு வரைக்கும் பிளக்ஸ். பிளக்ஸ்ல பிள்ளை படம் பெருசா, சுத்தி வட்டம் வட்டமா மாமன், சித்தப்பன், பெரியப்பன் படம். நம்ம பக்கம் எப்படின்னு உங்களுக்கே தெரியும்.

சேதியைக் கேட்டதும் அவ அழுகலை, கத்தலை. ராத்திரி நான் ஓவர்லாக் அடிச்சுக்கிட்டு இருக்கும்போது பக்கத்துல வந்து உக்காந்து, "எனக்கு நடந்தது ஊருக்கு எதுக்கும்மா தெரியணும்?"னு கேட்டா. போன வருசம் அவ கூடப் படிக்கிற பிள்ளைக்கு இப்படி பிளக்ஸ் வச்சாங்களாம். கூடப் படிக்கிற பயலுக அதைப் போன்ல படம் எடுத்து ஸ்டேட்டஸ் வச்சாய்ங்களாம். அந்தப் பிள்ளை பத்து நாள் பள்ளிக்கூடத்துக்கு வரலையாம். "நான் கிரவுண்டுக்கு அரை டிராயர் போட்டுட்டுப் போறவ. எல்லாரும் என்னைப் பார்க்கிறப்ப அது ஞாபகம் வரும்"னா. மேல ஒண்ணும் சொல்லலை, போய்ப் படுத்துட்டா.

எனக்குக் கை ஓடலை. ஏன்னா 1999ல என்னை அப்படி உக்கார வச்சாங்க. வாடகைச் சவுரி, வாடகை நகை, மேடையில ரெண்டு சைடும் பெரிய லைட்டு, வேர்வை கண்ணுக்குள்ள இறங்குது. யார் யாரோ வந்து நலுங்கு வைக்கிறாங்க. எனக்கு ஒண்ணுக்கு முட்டுது, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலை. அன்னைக்கு எனக்கு இது பிடிக்கலைன்னு ஒருத்தர்கிட்ட சொல்லலாம்ங்கிற நினைப்பே வரலை. என் மக சொல்லிட்டா. அது எனக்கு உள்ளுக்குள்ள பெருமையாவும் இருக்கு, பயமாவும் இருக்கு.

பயம் எதுக்குன்னா, ஒண்ணு மொய். 2011ல இருந்து நாங்க செஞ்ச மொய்யை நோட்டுப் போட்டு எழுதி வச்சிருக்கேன். போன வாரம் கூட்டிப் பார்த்தேன், 2,14,500 ரூபாய். எங்களை மாதிரிக் குடும்பத்துக்கு அது சும்மா தொகை இல்லை. குழுவுல கடன் வாங்கி மொய் செஞ்ச மாசம் எல்லாம் உண்டு. பிள்ளைக்குக் காது குத்துனது குலதெய்வக் கோயில்ல சுருக்கமா முடிச்சோம், அப்ப மொய் வாங்கலை. இந்த விழாவை விட்டா அடுத்து அவ கல்யாணம்தான். அதுக்கு இன்னும் எத்தனையோ வருசம் இருக்கு, இருக்கவும் வேணும்.

இன்னொண்ணு என் அண்ணன். அதுதான் பெரிசு. அப்பா செத்தப்ப அவருக்குப் பதினேழு வயசு. என் முதல் தையல் மெஷின் அவர் ஆடு வித்து வாங்கிக் குடுத்தது. இப்ப 50 சென்ட்ல மல்லி போட்டிருக்காரு. ஆவணி முகூர்த்தத்துல பூ விலை ஏறும், அந்தக் காசு முழுக்கத் தங்கச்சி மக சீருக்குன்னு ரெண்டு வருசமாச் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. அவருகிட்டப் போய் "வேண்டாம்ணே"ன்னு எந்த வாயால சொல்ல?

வீட்டுக்காரர் பிள்ளை பக்கம்தான். 2019 செப்டம்பர்ல சென்னை பள்ளிக்கரணையில கல்யாண பேனர் ஸ்கூட்டர்ல போன பொண்ணு மேல விழுந்து அது இறந்துச்சே, அன்னைல இருந்தே அவருக்கு பிளக்ஸ்னாலே ஆகாது. ஆனா அவர் வாய் திறந்தா "மச்சான் செலவு பண்றது பொறுக்கலை"ன்னு பேச்சு மாறிடும்.

தையல்ல ஒண்ணு பார்த்திருக்கேன். பத்துப் பேர் வந்தா எட்டுப் பேர் போன்ல ஒரே படத்தைக் காட்டி "இதே கழுத்து, இதே ஆரி ஒர்க்"ம்பாங்க. உங்க தோளுக்கு இது நிக்காதுக்கான்னு சொன்னாலும் "பரவாயில்ல, எல்லாரும் போடுறாங்க"ம்பாங்க. தைச்சுக் குடுத்தப்புறம் அதையே பிரிச்சு ரெண்டாவது தடவை தைப்பேன். துணியைப் பிரிச்சுத் தைக்கலாம். பிளக்ஸ் வச்ச பிறகு எதைப் பிரிக்க?

அண்ணன் மனசு நோகாம, செஞ்ச மொய்யும் முழுசாப் போயிராம, பிள்ளை சொன்னதும் நிக்கிற மாதிரி யாராச்சும் செஞ்சிருக்கீங்களா? செஞ்சவங்க சொல்லுங்க.

---

திருமங்கலம் மொய்க்கணக்கு:

தங்கச்சி, நான் விசேஷ வீடுகள்ல 18 வருசமா மொய் எழுதுறவன். முன்ன நோட்டுல எழுதுவோம், இப்ப கம்ப்யூட்டர்ல ஏத்திக் கையில ரசீதே குடுத்துருறோம். அதனால மொய் விஷயம் மட்டும் பேசுறேன்.

மொய்ங்கிறது வட்டியில்லாக் கடன். நீங்க 500 செஞ்ச வீட்டுல உங்க விசேஷத்துக்கு 1,000 செய்வாங்க, பழசு கழியும், மிச்சம் புதுசா உங்க தலையில ஏறும். அது விசேஷத்தோட தலைப்பைப் பார்த்து வர்றதில்லை. அழைப்பு வந்துச்சா, சாப்பாடு போட்டாங்களா, அம்புட்டுதான். புதுக்கோட்டை வடகாடு, கீரமங்கலம் பக்கம், தஞ்சாவூர் பேராவூரணி பக்கம் எல்லாம் ஆடி, ஆவணியில மொய் விருந்துன்னே வைப்பாங்க. கல்யாணம் காதுகுத்து எதுவும் கிடையாது, மொய்தான் விசேஷமே. பல பேர் ஒண்ணாச் சேர்ந்து பந்தல் போட்டுக் கறிச்சோறு போட்டு வசூல் பண்ணுவாங்க. நம்ம பக்கம் அதையே வசந்த விழா, இல்ல விழான்னு பத்திரிகை அடிச்சு வைக்கிறாங்க. நானே எத்தனையோ எழுதியிருக்கேன். எதுக்கு வசந்த விழான்னு வந்து சாப்பிட்டவன் எவனும் கேட்டதில்லை.

உங்க வீடு எந்த நிலைமையில இருக்கு? மாடியில ரூம் எடுக்கிற எண்ணம் இருந்தா அதை ஒட்டி வைங்க. முகூர்த்த நாள் வேண்டாம், ஒரே நாள்ல நாலு விசேஷம்னா ஆள் பிரிஞ்சு போயிருவான். ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க. நோட்டைப் பார்த்து, செஞ்ச வீட்டுக்கெல்லாம் நேர்ல போய்ப் பத்திரிகை வைங்க. வாட்ஸப்புல அனுப்புனா பாதிப் பேர் வரமாட்டான்.

மொய்க்காகப் பிள்ளையை மேடையில ஏத்தத் தேவையில்லை. இதை மொய் எழுதுறவனே சொல்றேன்.

---

செக்கானூரணி பெரியம்மா:

எம் பேத்திதான் இதைத் தட்டச்சு பண்றா, நான் சொல்லச் சொல்ல.

ஆத்தா, ஒனக்கு மேடையில பட்டது கஷ்டம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா எனக்குச் சடங்கு சுத்துன அன்னைக்கு நடந்தது வேற. எங்க வீட்டுல ஆம்பளப் பிள்ளைகளுக்குத்தான் முட்டை. எனக்குன்னு ஒருத்தரு ஒரு சேலை எடுத்தது, எனக்குன்னு ஒரு முட்டை ஒடச்சு ஊத்துனது, என்னை நடுவுல உக்கார வச்சு நாலு சனம் பாத்தது எல்லாம் அந்த ஒரு நாள்தான். எங்க மாமன் தலையில தட்டைச் சுமந்து ஊரு வழியா வந்தாரு. இன்னைக்கும் அவரை நினைச்சா அந்த நடைதான் தெரியுது. பெறந்த வீட்டுல இருந்து பொம்பளைக்குன்னு வாரது இந்தச் சீருதான். சொத்துல பங்கு குடுத்தாகளா? எழுதித்தான் வாங்கிக்கிட்டாக.

ஒங்கண்ணன் ரெண்டு வருசமா அந்த நாளைக்குத்தான் பூப் பறிச்சிருக்கான். அதை வேண்டாம்னா அவனுக்கு எப்படி இருக்கும்? படம் வேண்டாம்னா படத்தை எடு. தட்டத் தடுக்காத. பதிமூணு வயசுப் பிள்ளை இன்னைக்கு ஒண்ணு சொல்லும், இருவது வயசுல எனக்கு ஏன் செய்யலைன்னு கேக்கும். அப்ப என்ன சொல்லுவ?

---

ஆனையூர் தையல்காரி:

பெரியம்மா, நீங்க சொன்ன அந்த முட்டையை ரெண்டு தடவை வாசிச்சேன். எங்க வீட்டுலயும் அப்படித்தான் இருந்துச்சு. என் பிள்ளைக்குத் தினமும் முட்டை இருக்கு, அவ அப்பா பக்கத்துல உக்காந்து சாப்பிட வைக்கிறாரு. அதனாலதானோ என்னமோ அவளுக்கு அந்த ஒரு நாள் தேவைப்படலை. இருபது வயசுல கேட்டா, "நீ சொன்ன, நான் கேட்டேன்"னு சொல்லுவேன். ஆனா அண்ணன் தட்டைப் பத்தி நீங்க சொன்னது சரிதான். அதை யோசிக்கிறேன்.

---

வாடிப்பட்டிப் பொண்ணு:

அக்கா, நான் இப்ப நர்ஸா இருக்கேன். 2013ல ஒன்பதாவது படிக்கும்போது எனக்கு வச்ச பிளக்ஸ் வாடிப்பட்டி பஸ் ஸ்டாப்பை ஒட்டி நின்னுச்சு. "எங்கள் வீட்டு இளவரசி"ன்னு எழுதி, தலையில கிரீடம் வரைஞ்சு என் படம். விழாவுல நான் சந்தோஷமாத்தான் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் பஸ்ஸுக்கு நிக்கும்போதுதான் விஷயம் புரிஞ்சது. கூடப் படிக்கிற பசங்க, கடைக்கார அண்ணன், கண்டக்டர் வரைக்கும் "இளவரசி ஏறியாச்சா"ன்னு கேட்டாங்க. நான் அடுத்த ஸ்டாப் வரை நடந்து போய் ஏற ஆரம்பிச்சேன். ரெண்டு மாசம் நடந்தேன். எதுக்கு நடக்கிறேன்னு வீட்டுல ஒருத்தரும் கேட்கலை.

தீபாவளி மழையில ஒரு பக்கம் கிழிஞ்சு தொங்குச்சு. மாமா அவிழ்த்து எடுத்துட்டுப் போய் ஆட்டுக் கொட்டகைக்கு மேல போட்டுட்டாரு. நல்ல கெட்டித் துணி, வீணாக்குவானேன்னு. நாலு வருசம் நான் மாமா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் முகம் கொட்டகை மேல வெளுத்துக்கிட்டே கிடந்துச்சு. அவர் என் மேல உசிரையே வச்சிருக்கிற மனுசன்க்கா. அவருக்கு அது தப்பாவே தோணலை. அதனாலதான் என்னால சொல்லவே முடியலை.

ஒண்ணு நர்ஸா சொல்றேன். அந்த உளுந்தங்களியை மட்டும் பதினாறு நாளோட நிறுத்திராதீங்க. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல நம்ம தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு வரை உள்ள பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு இருக்கு. கோகோ ஓடுற பிள்ளை வேற. பள்ளிக்கூடத்துல வாராவாரம் குடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை முழுங்குறாளா, தூக்கிப் போடுறாளான்னு கேளுங்க. நான் தூக்கிப் போட்டவ.

உங்க பிள்ளை உங்ககிட்ட வந்து உக்காந்து சொல்லுச்சு பாருங்க, அதை விட்டுராதீங்க.

---

பழங்காநத்தம் ஓய்வு ஆசிரியர்:

அம்மா, எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் திருமணம் 1978இல் ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல், மாலை மட்டும் மாற்றி நடந்தது. 1928இலேயே அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் அப்படித் திருமணம் நடந்திருக்கிறது. 1967இல் சட்டமும் வந்துவிட்டது, இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு. ஆகவே நான் செய்ததில் புதுமையும் இல்லை, சட்டச் சிக்கலும் இல்லை. ஆனாலும் என் அக்கா ஒன்பது வருடம் என் வீட்டுப் படி ஏறவில்லை.

வெகுகாலம் நான் அதற்குக் காரணம் அவருடைய பழைமைப் பிடிப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவரே சொன்னார். நான் என் முடிவை அவருக்கு அஞ்சலட்டையில் எழுதிப் போட்டிருந்தேன். எங்கள் ஊரில் அஞ்சலட்டையைத் தபால்காரர் தெருவில் வைத்து வாசித்துத்தான் கொடுப்பார். தம்பிக்குக் கல்யாணம், நாத்தனார் முறை செய்ய அக்காவுக்கு இடம் கிடையாது என்பதை அவர் தெருவோடு தெருவாக நின்று கேட்டிருக்கிறார். என்னை வளர்த்தவர். பேருந்துக்கு இரண்டு ரூபாய் கூட ஆகாத தூரம். நான் போகவில்லை, வாதம் வரும் என்று பயந்தேன்.

என் திருமணத்தைப் பற்றி இன்றுவரை எனக்கு வருத்தம் இல்லை. அந்த அஞ்சலட்டைக்கு உண்டு. உங்கள் அண்ணனிடம் போனில் சொல்லாதீர்கள். பத்திரிகை அச்சுக்குப் போகும் முன்னால், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். அவள் பேசட்டும்.

---

ஆனையூர் தையல்காரி:

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்ன மாதிரி போனோம். நடந்ததை எழுதுறேன்.

சனிக்கிழமை சாயங்காலமே ஊருக்குப் போய்த் தங்கிட்டோம். மல்லி மொட்டை வெயில் ஏறுறதுக்குள்ள பறிக்கணும், அதனால ஞாயித்துக்கிழமை இருட்டோட அண்ணன் கிளம்புனாரு. நானும் பிள்ளையும் மடியில துண்டைக் கட்டிக்கிட்டுக் கூடப் போனோம். ஆளுக்கொரு வரிசை. அவ மாமனுக்குப் பக்கத்து வரிசையில நின்னா. எப்பச் சொன்னான்னு எனக்குத் தெரியலை, செடி மறைச்சது. நான் வரிசை முடிஞ்சு திரும்பும்போது அண்ணன் கை ஓடலை, செடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு.

ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "பிளக்ஸ்காரனுக்கு 2,000 அட்வான்ஸ் குடுத்துட்டேனே"ன்னாரு. நாங்க ரெண்டு பேரும் வாயே திறக்கலை. மறுபடி வரிசை மாறும்போது, "அப்ப நான் என்னத்துக்கு இருக்கேன்?"னு கேட்டாரு. கோவமாக் கேட்கலை, அதுதான் எனக்குத் தாங்கலை. பெரியம்மா சொன்னது அப்பத்தான் முழுசாப் புரிஞ்சது.

பிள்ளைதான் பேசுனா. "தட்டு கொண்டாங்க மாமா. வீட்டுக்குக் கொண்டாங்க. மாலையும் போட்டுக்கிறேன். போட்டோக்காரர் வேண்டாம், மைக் செட் வேண்டாம், தெரு வழியா மேளம் வேண்டாம்." அண்ணன் "51 தட்டு வீட்டுக்குள்ள வைக்க எடம் ஏது"ன்னாரு. "21 கொண்டாங்க"ன்னா. பூவை எடை போட்டு முடிச்சு, மாட்டுத்தாவணிக்கு வண்டி ஏத்துற வரைக்கும் இந்தப் பேரம் நடந்துச்சு. தோடு அவருதான் போடுவாராம், அதுல அவ மறுபேச்சு பேசக் கூடாதாம். சரின்னுட்டா. கிடாய் வெட்டிக் கறிச்சோறு அவர் பொறுப்பு.

ஆவணி ரெண்டாவது ஞாயிறு, வீட்டுலயே. ரெண்டு பக்கமும் சேர்த்து 25 பேர். மொய் கிடையாது. பத்திரிகையும் கிடையாது, வாயாலதான் சொல்றோம்.

எல்லாம் சுமுகமாயிருச்சுன்னு நினைக்காதீங்க. மதினி இன்னும் என்கிட்டப் பேசலை. அவங்க அண்ணன், தம்பி படமெல்லாம் பிளக்ஸுக்குன்னு வாங்கி வச்சிருந்தாங்களாம், அவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு கேட்கிறாங்க. அது நியாயம்தான். பதினாறு நாள் என் வீட்டு அடுப்புல நின்னவங்க. அவங்களுக்கு ஒரு பிளவுஸ் தைச்சுக்கிட்டு இருக்கேன், அடுத்த வாரம் கொண்டுட்டுப் போவேன். என் மாமியார் பக்கம் "செலவுக்குப் பயந்துட்டாக"ன்னு பேச்சு கிளம்பியாச்சு. பிள்ளை காதுல விழுந்துச்சு. "உன்னை இப்படிப் பேசுறாங்களேம்மா"ன்னு என்னைப் பார்த்தா. பேசிட்டுப் போகட்டும்னேன். பேசுறது என்னையத்தானே, அவளை இல்லையே.

வாடிப்பட்டித் தங்கச்சி, மாத்திரையைக் கேட்டேன். பையில எட்டு கிடந்துச்சு. இனிமே என் கண்ணு முன்னாடிதான்.

திருமங்கலம் அண்ணே, தை மாசம் மாடியில ஒரு ரூம் எடுக்கலாம்னு வீட்டுக்காரரும் நானும் பேசியிருக்கோம். அதை ஒட்டி வசந்த விழா வச்சுக்கிறோம். பத்திரிகையில என்ன வாசகம் போடுவாங்கன்னு ஒண்ணு எழுதி அனுப்புங்க. எங்க ரெண்டு பேர் பேரும் அண்ணன் பேரும் வரட்டும். பிள்ளை பேரு அதுல வேண்டாம்.